மொட்டை மாடிக்கு அடித்த வெள்ளைக் கோட்டிங்: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு மாசிக் கடைசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கோட்டிங் அடித்தோம். ஒரு கோடையையும் ஓர் ஐப்பசி மழையையும் ஒரு தைப் பனியையும் அது பார்த்துவிட்டது. அடித்த வாரத்தில் எந்தக் கோட்டிங்கும் நன்றாகத்தான் இருக்கும் என்பதால் ஓராண்டு காத்திருந்து எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் கண்ட குறைகளில் பாதி அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவையாகத் தோன்றவில்லை; விலை கேட்க நான் அணுகிய நான்கு பேரும் ஏறத்தாழ ஒரே வாசகம் கொண்ட துண்டறிக்கையைத்தான் கையில் கொடுத்தார்கள்.

வீடு மதுரை வில்லாபுரம் பக்கம், 1998-இல் கட்டியது. மாடியில் கிழக்கும் மேற்குமாக ஒரே அளவில் இரண்டு படுக்கையறைகள். அவற்றின் மேல் ஏறத்தாழ 1,000 சதுர அடி வெறும் சிமென்ட் தளம். கட்டிய காலத்தில் தட்டோடு பதிக்கப் பணம் போதவில்லை; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது அப்படியே நின்றுவிட்டது. சித்திரையில் இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கிச் சிறிது நேரமான தோசைக்கல்லைத் தொடுவது போலிருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டை வாரிக் கட்டிலின் மேல் இறைத்துக்கொண்டிருக்கும்.

துண்டறிக்கை மூன்று வாக்குறுதிகளைத் தந்தது. அறையின் சூடு 10 டிகிரி குறையும், ஏசி தேவைப்படாது, ஒரு சராசரி மாடி ஆண்டுக்கு 10 டன் கரியமில வாயுவை ஈடுகட்டிப் புவி வெப்பமயமாதலைத் தடுக்கும். மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் பூமி உருண்டையை இரு கைகளிலும் ஏந்திய குழந்தை ஒன்றின் படமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, முதல் இரண்டு வரிகளை அளந்து பார்க்க வேண்டும் என்றும், மூன்றாவது வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியது. கூலி, பொருள் சேர்த்துச் சதுர அடிக்கு 32 ரூபாய். விரிசல் அடைப்பதற்கு 3,500 ரூபாய் தனி.

இது வேலை செய்யும் விதம் எளிது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. பழகிக் கறுத்த சிமென்ட் தளம் அதில் கால் பங்கைத் திருப்பிவிட்டு மீதியை விழுங்கிக்கொள்கிறது. புதிய வெள்ளைக் கோட்டிங் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிவிடுகிறது. எங்கள் தளத்தின் பரப்பு 93 சதுர மீட்டர். இந்த வேறுபாட்டை அதனால் பெருக்கினால் நண்பகலில் 51 கிலோவாட் வருகிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 5 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தளம் விழுங்கும் வெப்பம் முழுவதும் அறைக்குள் இறங்குவதில்லை என்பதும், பெரும்பகுதி மேலேயே காற்றில் கலந்துவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் கான்கிரீட் பகலில் சேர்த்து வைத்த சூட்டை நடுஇரவு வரை நமக்குத் தவணை முறையில் கொடுத்துக்கொண்டே இருக்கும். மதுரையின் அட்சரேகை 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவு என்பதால், ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் சுவர்கள் வாங்கும் வெயிலைவிடக் கூரை வாங்கும் வெயில் பல மடங்கு. குளிர் நாடுகளில் வெள்ளைக் கூரைக்கு ஒரு குறை சொல்வதுண்டு; குளிர்காலத்தில் வேண்டியிருக்கும் சூட்டையும் அது விரட்டிவிடுகிறது என்பார்கள். மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கும் ஊரில் அந்தக் கவலை கிடையாது.

வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதல் நாள் தளத்தைக் கழுவி, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரிசல்களை அடைத்தார்கள். இரண்டாம் நாள் பிரைமர். மூன்றாம் நாள் காலையில் ஒரு கோட்டு அடித்துவிட்டு, மாலையிலேயே சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். இரண்டு கோட்டு என்று பேசியிருந்தோமே என்று கேட்டதற்கு, "சார்கிட்ட ஒரு கோட்டுன்னுதான் சொன்னாங்க மேடம், இதே திக்கா இருக்கு" என்று பதில் வந்தது. என் கணவரிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. வாளியில் அச்சிட்டிருந்த பரப்பளவைக் காட்டி, வந்திருக்கும் வாளிகளை எண்ணிச் சொன்ன பிறகு மறுநாள் மேலும் இரண்டு வாளிகள் வந்தன. அடிக்கச் சொல்பவர்கள் வாளிகளை எண்ணிக்கொள்வது நல்லது. கோட்டுகளை எண்ண முடியாது.

அவர்களுக்கு எரிச்சலூட்டிய ஒரு காரியத்தை நானும் செய்தேன். கிழக்கு அறையின் மேல் மட்டும் முதலில் அடிக்கச் சொல்லி, மேற்கு அறையின் மேல் உள்ள பாதியைப் பத்து நாள் சும்மா விடச் சொன்னேன். இரண்டு நடைக்குப் பெட்ரோல் செலவு என்று 300 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பத்து நாளும் இரண்டு அறைகளிலும் ஆளில்லாமல், ஏசி போடாமல், ஒரே மாதிரி சன்னலைத் திறந்து வைத்து, ஒரே வகை வெப்பமானியைக் கட்டிலின் உயரத்தில் தொங்கவிட்டேன். தளத்தின் மேற்பரப்பை அளக்க, ஒத்தக்கடையில் ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் என் தம்பியிடமிருந்து துப்பாக்கி வடிவ வெப்பமானியை இரவல் வாங்கினேன்.

அவற்றில் மேகமில்லாத ஒரு நாளின் கணக்கு இது. மதியம் இரண்டு மணிக்கு வெறும் தளம் 58 டிகிரி. வெள்ளைத் தளம் 41. காலில் செருப்பில்லாமல் இரண்டு பாதிகளும் சேரும் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தால் வெப்பமானியே தேவையில்லை. மாலை ஆறு மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் மேற்கில் 39, கிழக்கில் 35. இரவு ஒன்பது மணிக்கு அறைக் காற்று மேற்கில் 35.2, கிழக்கில் 33. மற்ற நாட்களிலும் அறைக் காற்றில் ஒன்றரை முதல் இரண்டரை டிகிரிக்குள்தான் வேறுபாடு இருந்தது.

ஆகவே முதல் வாக்குறுதியான 10 டிகிரி, தளத்தின் மேற்பரப்புக்குக் குறைவான மதிப்பீடு, அறைக்கோ மிகையான மதிப்பீடு. மேலே கிடைத்த எண்ணைக் கீழே இறக்கி எழுதிவிட்டார்கள். இரண்டு டிகிரி என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் உடம்பு உணர்வது காற்றின் சூட்டை மட்டும் அன்று. தலைக்கு மேல் 39 டிகிரியில் ஒரு கான்கிரீட் பலகை இருந்து கதிர்வீசினால் காற்று எவ்வளவு அசைந்தாலும் தூக்கம் வராது. அது 35 ஆனதும் என் மாமியார் மாடி அறைக்குத் திரும்பிவிட்டார். ஆறு வருடமாகக் கோடையில் கீழே கூடத்தில் பாய் போட்டுப் படுத்தவர் அவர். அந்த ஒரு காரணத்துக்கே 32,000 ரூபாயைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஏசி தேவைப்படாது என்பது பொய். மேற்கு அறையில் 2016-இல் தம்பி மாட்டிக் கொடுத்த ஒன்றரை டன் ஏசி இருக்கிறது. முன்பு இரவில் ஏழு மணி நேரம் ஓடியது இப்போது ஐந்து மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், தொண்ணூறு இரவுகளுக்கு 180 யூனிட் மிச்சம். பணமாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஓராயிரத்துச் சொச்சம். போட்ட பணம் திரும்புவதற்குள் கோட்டிங் போய்ச் சேர்ந்துவிடும். மின்கட்டணத்தை நினைத்து இதை வாங்க வேண்டாம்.

கரியமில வாயுவாகப் பார்ப்போம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, பெரும்பங்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவதுதான் காரணம். 180 யூனிட்டுக்கு 126 கிலோ, அதாவது ஒன்றேகால் குவிண்டால். துண்டறிக்கை சொல்வது ஆண்டுக்கு 10 டன், நூறு குவிண்டால். இந்த எண்ணை யாரும் சும்மா கற்பனை செய்யவில்லை என்பதுதான் சுவையான செய்தி. 2009-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தோடு தொடர்புடைய ஹாஷெம் அக்பரி, சுரபி மேனன், ஆர்தர் ரோசன்ஃபெல்ட் ஆகிய மூவரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 100 சதுர மீட்டர் கூரையை வெண்மையாக்கினால், அது விண்வெளிக்குத் திருப்பியனுப்பும் கூடுதல் ஒளி, ஏறத்தாழ 10 டன் கரியமில வாயுவின் சூடேற்றும் விளைவுக்கு ஈடாகும் என்பது அவர்கள் கண்டது. ஆனால் அது ஒரே ஒரு முறைக்கான ஈடு. ஆண்டுதோறும் புதிதாகப் பத்துப் பத்து டன்னாகச் சேராது. துண்டறிக்கை எழுதியவர் "ஆண்டுக்கு" என்ற ஒரு சொல்லைச் செருகி, ஐந்தாண்டில் 10 டன்னை 50 டன் ஆக்கிவிட்டார். மேலும் அந்த ஈடு, கூரை வெள்ளையாக இருக்கும் வரைக்கும்தான். கரியமில வாயுவின் ஒரு பகுதி வானில் பல நூற்றாண்டுகள் தங்கும். வில்லாபுரத்துப் புழுதியில் வெள்ளை எத்தனை நாள் தங்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கணக்கையும் எல்லா அறிவியலாளர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2012-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஜேக்கப்சனும் ஜான் டென் ஹோவும் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு பார்த்தபோது, வெள்ளைக் கூரைகள் நகரங்களைக் குளிர்விக்கும், ஆனால் உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிறிது சூடேற்றவும் கூடும் என்ற முடிவு வந்தது. தரை குளிர்ந்தால் ஈரக் காற்று மேலெழுவது குறைகிறது, மேகம் குறைகிறது, அதனால் தரையில் விழும் வெயில் கூடுகிறது. திருப்பியனுப்பிய ஒளியில் ஒரு பங்கை வானில் மிதக்கும் கரித்துகள் வழியிலேயே விழுங்கிக்கொள்கிறது. இந்த முடிவு நிச்சயமற்றது என்று பெர்க்லி தரப்பு மறுத்தது. லாரிப் புகையும் செங்கல் சூளைப் புகையும் கலந்த நம் வானத்தின் கீழ் நின்று யோசித்தால், கரித்துகளைப் பற்றிய அந்தப் பகுதியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியவில்லை. உலகத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு வராத ஒரு வழக்கை, குழந்தைப் படத்தோடு தீர்ந்ததாக அச்சிட்டு விற்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

என் தம்பியின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. "பெயின்டை அடிச்சு உலகத்தைக் காப்பாத்தப் போறியாக்கா? உலகம் எங்க சூடாச்சு? ஊரு பூரா கான்கிரீட் போட்டு, கண்மாயைத் தூர்த்து பிளாட் போட்டா சுடத்தானே செய்யும்" என்றான். இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நகரம் தன் சொந்தச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது உண்மை. இரவு ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து புறப்பட்டு யானைமலையைத் தாண்டி வயல்வெளிக்கு வரும்போது முகத்தில் படும் காற்றே அதற்குச் சாட்சி. இதே ஐயத்தோடு தொடங்கியவர்தான் பெர்க்லியைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர். வெப்பமானிகள் நகரங்களுக்குள் சிக்கிக்கொண்டதால்தான் உலகம் சூடாவது போலத் தோன்றுகிறதோ என்று ஐயப்பட்டு, சுமார் 39,000 வானிலை நிலையங்களின் பதிவுகளை ஒரு குழுவோடு புதிதாக ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில், புவி வெப்பமயமாதலை மறுப்போருக்கு நிதி தந்ததாகப் பேசப்பட்ட, எண்ணெய்த் தொழில் செய்யும் அமெரிக்கச் செல்வந்தர்களான கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் ஒன்று. 2011-இல் வெளிவந்த முடிவு, நிலப்பரப்பின் வெப்பநிலை உயர்ந்தது உண்மை, உலகச் சராசரியில் நகரச் சூட்டின் பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பது. 2012-இல் முல்லர், இந்த உயர்வுக்குப் பெரும்பாலும் மனிதர்களே காரணம் என்றும் வெளிப்படையாக எழுதினார்.

வீடே இல்லாத கடலும் சூடாகியிருக்கிறது என்பது தம்பிக்கு நான் சொன்ன அடுத்த சான்று. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று: வானத்தின் கீழடுக்கு சூடாகும்போது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. சூரியன் கூடுதலாகக் காய்வதுதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். கீழே போர்வை தடித்தால்தான் இப்படி நடக்கும். கரியமில வாயு அந்தப் போர்வையாக இருக்கும் என்று ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896-லேயே கணக்கிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு என்றிருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

அறிவியலாளர்களுக்குள் விவாதமே இல்லை என்று சொல்வதும் தவறுதான். வானில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் உலகம் எத்தனை டிகிரி சூடாகும் என்ற கேள்விக்கு, 1979-இல் வானிலை அறிஞர் சார்னி தலைமையிலான அமெரிக்கக் குழு 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்றது. நாற்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து, 2021-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு அதை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கி, 3 டிகிரியைச் சிறந்த மதிப்பீடாகக் கொண்டது. இன்னும் இடைவெளி இருப்பதற்கு முக்கியக் காரணம் மேகங்கள். இதுவரை கண்ட சூட்டிலிருந்து அந்த விடையைக் கறக்க முயன்றால் குறுக்கே நிற்பவை புகைத்துகள்கள். இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை 0.7 டிகிரி அளவே உயர்ந்ததாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. உலகச் சராசரியைவிட இது குறைவு. நம் தலைக்கு மேலுள்ள புகைமண்டலம் வெயிலைச் சற்று மறைத்து நமக்கு நிழல் பிடித்திருக்கிறது. காற்றைத் தூய்மைப்படுத்தினால் அந்த நிழல் விலகும். தம்பி இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப புகை நல்லதுங்கிறியா" என்றான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்; மூத்தவளுக்கு மூச்சிரைப்பு. நான் பதில் சொல்லவில்லை.

அவன் தொழிலோடு சேர்ந்த ஒரு கணக்கை மட்டும் அன்றே முடித்துவிட்டோம். மேற்கு அறை ஏசியில் குளிர்விக்கும் வாயுவாக இருப்பது ஆர்-22 கேஸ். இரண்டு கோடைக்கு ஒரு முறை "கேஸ் இறங்கிடுச்சுக்கா" என்று அவன்தான் ஏற்றிக் கொடுக்கிறான். இறங்கிய கேஸ் எங்கே போகிறது என்று இருவருமே கேட்டதில்லை. ஒரு கிலோ ஆர்-22 நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகச் சூடேற்றும். ஒரு கிலோ கசிந்தால், என் வெள்ளைக் கோட்டிங்கால் மின்சாரத்தில் மிச்சப்படும் பதினான்கு ஆண்டு அளவு போய்விடும். இந்த வகை வாயுக்கள் ஓசோனை மட்டுமன்றி வெப்பத்தையும் பாதிக்கின்றன என்று முதலில் காட்டியவர் தமிழரான வீரபத்ரன் ராமநாதன். ஆண்டு 1975, ஆராய்ந்தது ஆர்-22-இன் நெருங்கிய உறவான சி.எஃப்.சி. வாயுக்களை. 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனுக்காகச் செய்யப்பட்டது. 2016-இல் கிகாலியில் அதைத் திருத்தி, ஓசோனைக் கெடுக்காத ஆனால் சூடேற்றும் வாயுக்களையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். அங்கே இந்தியா வாதாடிக் கூடுதல் காலம் பெற்றது. 2028-இல் அந்த வாயுக்களின் பயன்பாடு மேலும் உயராமல் நிறுத்துவது, 2047-க்குள் 85 விழுக்காடு குறைப்பது. ஆர்-22-க்கு 1,800 என்று சொன்ன அந்தச் சூடேற்றும் எண், இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஆர்-32-க்கு 675. ஆர்-290 எனப்படும் புரொபேனின் எண் மிகமிகச் சிறியது, ஆனால் அது தீப்பற்றும் என்பதால் தம்பி அதைத் தொடத் தயங்குகிறான். கசியும் இணைப்பை மாற்றாமல் கேஸை மட்டும் ஏற்றுவதில்லை என்று அவன் அன்று ஒப்புக்கொண்டதை இந்த மதிப்புரையின் பக்கவிளைவாகக் குறித்துவைக்கிறேன்.

இன்னொரு கேள்வியை அவன் விடவில்லை. "வெள்ளைக்காரன் இருநூறு வருஷமா எரிச்சதுக்கு வில்லாபுரத்துல நீ ஏன் செலவு பண்ணணும்?" இதே கேள்விதான் 1992-இல் ரியோவில் நடந்த ஐ.நா. புவி மாநாட்டிலிருந்து இன்றுவரை பேச்சுவார்த்தை மேசையில் கிடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்கான உமிழ்வையும் ஆடம்பரத்துக்கான உமிழ்வையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று வாதிட்டார்கள். ஓர் இந்தியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணம். ஓர் அமெரிக்கர் ஏறத்தாழ 14 டன்னுக்கு. வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத ஒப்பந்தம் எதுவும் கூடாது என்று அமெரிக்க செனட் 1997-இல் 95-க்கு 0 என்று தீர்மானம் போட்டது. காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதும் சேர்வதும் மறுபடி விலகுவதுமாக அந்த நாடு இருக்கிறது. 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நிலக்கரியை "படிப்படியாக நிறுத்துவது" என்றிருந்த வாசகத்தை "படிப்படியாகக் குறைப்பது" என்று கடைசி நேரத்தில் மாற்றவைத்ததில் இந்தியாவின் பங்கு உண்டு. அதே மாநாட்டில்தான் 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவதாகவும் இந்தியா அறிவித்தது. இவற்றில் எவர் பக்கம் நியாயம் அதிகம் என்பதில் எனக்குத் தம்பியோடு பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் நான் செலவு செய்தது அந்தக் கடனை அடைக்க அன்று, என் மாமியார் தூங்குவதற்கு. வெயிலைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடும், வெயிலை உண்டாக்கும் காரணத்தைக் குறைக்கும் ஏற்பாடும் வேறு வேறு. அரசுகளுக்கு இது தெரிந்திருக்கிறது. அகமதாபாத் நகரம் 2013-இல் கொண்டுவந்த வெப்பத் தடுப்புத் திட்டத்தையடுத்து அங்கே எளிய மக்களின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணியும் நடந்தது. 2023-இல் தெலங்கானா இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரைக் காப்பதற்கான ஏற்பாடாக இதைச் சொல்லி விற்றாலே போதும். தகரக் கூரையின் கீழ் தையல் மெஷின் மிதிக்கும் பெண்ணுக்கு என் வீட்டைவிட இது பத்து மடங்கு அவசியம். அவருக்கு இந்த விலை கட்டாது என்பதைத்தான் விற்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இனி கோட்டிங்கின் ஆயுள். வாயால் ஏழாண்டு உத்தரவாதம் சொன்னார்கள். பில்லின் பின்பக்கம் மூன்றாண்டு என்றும், தண்ணீர் தேங்கும் இடங்களுக்குப் பொருந்தாது என்றும் பொடி எழுத்தில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தென்மேற்கு மூலையில் வாட்டம் சரியில்லாமல் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் நிற்கும். ஐப்பசி மழை முடிந்ததும் அங்கே கோட்டிங் பால் ஆடை போலச் சுருண்டு எழும்பிவிட்டது. விரல் நுனியால் இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. மூன்று முறை அழைத்தேன். இரண்டு முறை "ஆள் அனுப்புறோம்" என்றார்கள். மூன்றாவது முறை பில்லின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார்கள். கோட்டிங்குக்கு முன்பே வாட்டத்தைச் சரிசெய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொத்தனாரை வைத்து ஒரே நாளில் முடித்திருப்பேன்.

புழுதிதான் அடுத்த பகை. ஆனி, ஆடிக் காற்றுக்குப் பிறகு வெள்ளை, மோர் நிறமாகிவிட்டது. ஆவணியில், சூரியன் மறுபடி உச்சிக்கு வந்த வாரம், மதியம் தளத்தை அளந்தபோது 46 டிகிரி. சோப்புத் தூள் போட்டுத் தென்னை விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவிய மறுநாள், ஏறத்தாழ அதே வெயிலில் 42. கழுவுவதற்கு ஆறு குடம் தண்ணீர் செலவானது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதையும் செலவில் சேர்க்க வேண்டும். வடகம் காயப்போட்டால் கீழேயிருந்து வரும் சூடு இல்லாததால் முன்பைவிட ஒரு நாள் கூடுதலாகிறது. எதிர்வீட்டு மாடியிலிருந்து கண் கூசுகிறது என்று ஒரு புகார் வந்தது. கைப்பிடிச் சுவரின் உயரம் காப்பாற்றியது.

இதே தெருவின் கோடியில் ஒருவர் வெறும் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு கை அடித்திருந்தார். பொருளும் கூலியும் சேர்த்து நான்காயிரத்துக்குள் முடிந்ததாம். அனுமதி கேட்டு ஒரு மதியம் அளந்தேன்: என் தளம் 41 காட்டிய அதே நாளில் அவர் தளம் 44. மூன்று டிகிரி வேறுபாட்டுக்கு எட்டு மடங்கு விலை. அவருடைய சுண்ணாம்பு ஐப்பசியில் பாதி கரைந்து சாக்கடைக்குப் போய்விட்டது. பங்குனியில் மறுபடி அடிப்பார். கூரையில் விரிசலும் ஓதமும் இருப்பவர்களுக்குக் கோட்டிங் மழையையும் சேர்த்துத் தடுப்பதால் அந்த விலையில் ஒரு நியாயம் இருக்கிறது. தளம் நன்றாக இருந்து வெயில் மட்டுமே தொல்லை என்றால் சுண்ணாம்பே போதும் என்பேன்.

ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்று கொடுக்கிறேன். பொருளுக்கு நான்கு, வேலைக்கு மூன்று, துண்டறிக்கைக்கு ஒன்று என்று பிரித்துச் சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அடிக்க நினைப்பவர்கள் மாசி பாதிக்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும்; பங்குனியில் விலை ஏறும், ஆளும் கிடைக்காது. தென்மேற்கு மூலைக்கு வாட்டம் போட வரும் ஞாயிறு கொத்தனார் வருகிறார். மீதமிருந்த அரை வாளி கோட்டிங்கைத் தம்பி எடுத்துக்கொண்டு போனான், ஒத்தக்கடையில் அவன் கடையின் தகரக் கூரைக்கு அடிக்க.